கத்தரிக்காய்க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்கறிப் பெயர்களில் கத்தரிக்காய் அளவுக்கு ஊர் சுற்றியது வேறு எதுவும் இல்லை. தமிழிலேயே அதற்கு இரண்டு பெயர். ஆங்கிலத்தில் மூன்று. அந்த மூன்றில் இரண்டு, வெவ்வேறு வழியில் போய் வந்த ஒரே சொல். இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

‘கத்தரிக்காய்’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

கத்தரி என்ற செடியின் காய். அவ்வளவுதான்.

நம் இலக்கணத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று ஒரு பிரிவு உண்டு. உருளைக்கிழங்கு காரணப்பெயர்: உருண்டையாக இருக்கிறது, அதனால் அந்தப் பெயர். வாழை, அவரை, பாகல், முருங்கை எல்லாம் இடுகுறி. இன்ன காரணத்தால் இப்படி அழைக்கிறோம் என்று பெயரைப் பிரித்துக் காட்ட முடியாது. கத்தரியும் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறது. அதனால் “அர்த்தம் என்ன” என்பதை விட “இந்தச் சொல் எந்த வழியாக வந்தது” என்பதுதான் பலன் தரும் கேள்வி. கீழே வரும் பதில்களில் நிறைய ‘அர்த்தங்கள்’ வரும். பெரும்பாலானவை பெயர் வந்த பிறகு யாரோ ஒட்டவைத்தவை.

கத்தரிக்கோலுக்கும் கத்தரிக்காய்க்கும் உறவு உண்டா? கத்தரித்துச் சமைப்பதால் வந்த பெயர் என்கிறார்களே?

கத்தரித்துச் சமைக்காத காய் எது? வெண்டைக்காயையும் புடலங்காயையும் கூடத்தான் வெட்டுகிறோம். இந்த விளக்கம் எந்தக் காய்க்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் விளக்கவில்லை.

கத்தரிக்கோலில் இருக்கும் ‘கத்தரி’ வெட்டுவதைக் குறிக்கும் சொல். வடமொழியில் ‘கர்த்தரி’ என்று இருப்பது அதன் உறவு. காயின் பெயர் அதே ஒலியில் அமைந்திருக்கிறது. பூமாலையும் மாலைப்பொழுதும் ஒரே எழுத்தில் எழுதப்படுகின்றன, அதற்காக ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்வதில்லை அல்லவா?

கத்தரிக்காயா, கத்திரிக்காயா?

இரண்டும் வழக்கில் உண்டு. பேச்சில் ‘கத்திரிக்கா’ அதிகம். எழுத்தில் ‘கத்தரிக்காய்’ என்பதே பொது வடிவம். கத்திரி என்று எழுதினால் பிழை என்று யாராவது சிவப்பு மையால் சுழித்தால், அது கொஞ்சம் அதிகப்படி.

அப்புறம், ‘கத்திரி வெயில்’ காயோடு சேர்ந்ததல்ல. சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தைக் கடக்கும் காலத்தை ஒட்டிய வெயிலுக்கு அந்தப் பெயர்.

கண்டங்கத்தரியில் வரும் ‘கத்தரி’ இதே கத்தரியா?

செடிகள் உறவுக்காரர்கள்தான். கண்டங்கத்தரி தரையோடு படரும் முள்செடி. கத்தரியும் அதுவும் தாவரவியலில் ‘சொலானம்’ என்ற ஒரே பேரினம். இலையையும் ஊதாப் பூவையும் பார்த்தாலே சொந்தம் தெரிந்துவிடும். ஆனால் பெயர் சற்றுச் சிக்கலானது. வடமொழியில் அதற்குக் ‘கண்டகாரி’ என்று பெயர், ‘கண்டகம்’ என்றால் முள். அந்தச் சொல்லின் ஒலியும் நம் கத்தரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால், தெரியாத பெயரைத் தெரிந்த பெயராக்கிச் சொல்லும் நாக்கின் பழக்கம் இங்கேயும் வேலை செய்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கத்தரிக்காய்க்குத் தமிழில் வேறு பெயர் இருந்ததா?

இருந்தது, நல்ல பெயர். வழுதுணை. வழுதலை என்ற வடிவமும் உண்டு. காயைச் சொல்லும்போது வழுதுணங்காய்.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று பலருக்கு மனப்பாடமாக இருக்கும்: “வரகரிசிச் சோறும் வழுதுணங்காய் வாட்டும் முரமுரெனவே புளித்த மோரும்.” புல்வேளூர்ப் பூதன் இட்ட அந்தச் சாப்பாடு எல்லா உலகும் பெறும் என்று பாடல் முடியும். அதில் வரும் வழுதுணங்காய் நம் கத்தரிக்காயேதான். பள்ளியில் இதைப் படித்தபோது ஏதோ அழிந்துபோன காய் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். சங்கப் பாடல்களின் ஔவை வேறு, இந்தத் தனிப்பாடல்களின் ஔவை பிற்காலத்தவர் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ‘சங்க காலக் கத்தரிக்காய்’ என்று ஒரு புதுக்கதை கிளம்பிவிடும்.

வழுதுணை எப்படி ‘வழுதுணங்காய்’ ஆகும்? இடையில் ‘ங்’ எங்கிருந்து வந்தது?

பனை + காய் = பனங்காய். அதே கணக்கு. கடைசி ‘ஐ’ போய், ‘அம்’ என்ற சாரியை வந்து, அது ககரத்துக்கு முன்னால் ‘ங்’ ஆகிறது. தொல்காப்பியமே பனைக்கு இந்த விதியைச் சொல்லியிருக்கிறது.

இந்தச் சின்ன இலக்கணம் ஏன் முக்கியம் என்றால், மலையாளத்தில் கத்தரிக்காய்க்கு இன்றைக்கும் ‘வழுதனங்ங’ என்றுதான் பெயர். நம் தேங்காய் அங்கே தேங்ங, மாங்காய் மாங்ங. அதுபோல வழுதுணங்காய் வழுதனங்ங. நாம் ஏட்டில் விட்டுவிட்ட சொல்லை அவர்கள் அடுக்களையில் வைத்திருக்கிறார்கள். (‘கத்திரிக்க’ என்ற சொல்லும் அங்கே உண்டு.)

சரி, வழுதுணைக்காவது அர்த்தம் உண்டா?

தோல் வழுவழு என்று இருப்பதால் வழுதுணை என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, காயைத் தடவிப் பார்த்தால் நம்பவும் தோன்றும். ஆனால் ‘வழு’வுக்குப் பின்னால் வரும் ‘துணை’யும் ‘தலை’யும் என்ன என்பதை அது சொல்வதில்லை. சொல்லின் முதல் பாதியை மட்டும் விளக்கும் விளக்கத்தை நான் அரை விளக்கமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மற்ற தென்னிந்திய மொழிகளில் என்ன பெயர்?

கன்னடத்தில் பதனெகாயி, துளுவில் பதனெ. இரண்டிலும் முதல் எழுத்தை ‘பஸ்’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ப-வாக ஒலிக்க வேண்டும். தெலுங்கில் வங்காய, அதாவது வங்க + காய.

வழுதுணையும் பதனெயும் தூரத்துச் சொற்கள் போலத் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அப்படி இல்லை. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் அந்த மெல்லிய பகரமாவது வழக்கம்: வேர் அங்கே பேரு, வெல்லம் அங்கே பெல்ல. பழைய ழகரமும் கன்னடத்தில் காலப்போக்கில் மறைந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ‘வழுதன’ என்பதிலிருந்து ‘பதனெ’ அதிக தூரம் இல்லை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (இரண்டாம் பதிப்பு 1984) இந்த நான்கைந்து மொழிச் சொற்களையும் ஒரே குடும்பமாகத்தான் அடுக்கியிருக்கிறது.

வடமொழிப் பெயரிலிருந்து இவை வந்தனவா, இவற்றிலிருந்து அது போனதா?

வடமொழியில் கத்தரிக்காய்க்குப் பல பெயர்கள்: வார்த்தாகம், விருந்தாகம், பண்டாகி, வாதிங்கணம். ஒரே பொருளுக்கு இத்தனை பெயர், அதுவும் சில ஒன்றுக்கொன்று சாயல் உடையவை. இது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஒரு சொல்லை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பிடித்துக்கொண்டதன் அடையாளம்.

‘வாதிங்கணம்’தான் நம் கதைக்குத் தேவையான பெயர். வாதத்தைப் போக்குவது என்று அதைப் பிரித்துக் காட்டுபவர்கள் உண்டு. ‘வாத’ வரைக்கும் சரியாக வருகிறது, மிச்சத்தைத்தான் இழுத்துப் பிடித்துக் கட்ட வேண்டியிருக்கிறது. வழுதுணைக்குச் சொன்ன அதே குறை இதற்கும் உண்டு.

தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு என்று பக்கத்துப் பக்கத்து மொழிகளில் ஒழுங்கான ஒலி மாற்றத்தோடு ஒரு சொல் குடும்பமாகக் கிடைக்கிறது, வடமொழியிலோ வேரில்லாமல் தனியே நிற்கிறது. அதனால் திராவிட மொழியிலிருந்து வடமொழிக்குப் போனது என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். இரண்டுமே அதற்கும் முந்திய வேறொரு மொழியிடமிருந்து வாங்கியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. என் வாக்கு முதல் கட்சிக்கு. ஆனால் ‘உலகம் முழுக்கத் தமிழ்ச் சொல்’ என்று பலகை எழுதி மாட்டும் அளவுக்கு வழக்கு இன்னும் முடியவில்லை.

ஹிந்தியில் ‘பைங்கன்’, வங்காளத்தில் ‘பேகுன்’. இதற்கு ‘குணமில்லாதது’ என்று பொருளாமே?

அது சிலேடை. ‘பே’ என்றால் இல்லாத, ‘குண்’ என்றால் குணம், ஆகவே பேகுன் குணம் கெட்ட காய் என்று வேடிக்கையாகப் பிரிப்பார்கள். உண்மையில் பைங்கன், பேகுன் எல்லாம் அந்த வாதிங்கணம் தேய்ந்து தேய்ந்து வந்த வடிவங்கள். பத்தியம் சொல்பவர்களுக்கு இந்தச் சிலேடை ரொம்ப வசதி, அதனால் சாகாமல் இருக்கிறது.

மராத்தியில் இது வாங்கி. கத்தரிக்காய் சோறான ‘வாங்கிபாத்’தில் வருவது இந்த வாங்கிதான். கடையில் வாங்கி வந்த பாத் என்று தமிழ்க் காதில் விழுந்தால் அது மராத்தியின் குற்றமில்லை.

இந்தப் பெயர் ஐரோப்பா வரை போனது என்கிறார்களே, எப்படி?

இதுதான் கதையின் நல்ல பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

காய் மேற்கே போனபோது பெயரும் கூடவே போனது. பாரசீகத்தில் அது ‘பாதிங்கான்’ ஆயிற்று, வாதிங்கணத்தின் வகரம் மெல்லிய பகரமாக மாறியது. அங்கிருந்து அரபிக்குப் போனது. அரபியில் ‘காந்தி’யில் வரும் மெல்லிய ககரம் இல்லை, அந்த இடத்தில் ஜகரம் போடுவார்கள். ஆகவே ‘பாதின்ஜான்’. அதன் முன்னால் அரபிச் சுட்டான ‘அல்’ சேர்ந்து ‘அல்-பாதின்ஜான்’.

அரபு ஆட்சியில் இருந்த ஸ்பெயினில் காய் வேரூன்றியது. 12ஆம் நூற்றாண்டில் செவில்லே நகரத்து இப்னு அல்-அவ்வாம் எழுதிய வேளாண் நூலில் கத்தரி வளர்ப்பு பற்றி வருகிறது. ஸ்பெயின் மண்ணில் பேசிய மொழிகள் பெயரை எடுத்துக்கொண்டபோது ஒரு வேடிக்கை நடந்தது. கத்தலான் மொழிக்காரர்கள் ‘அல்’ என்பதையும் பெயரின் பகுதி என்று நினைத்து அப்படியே விழுங்கிவிட்டார்கள்: ‘அல்பெர்ஜீனியா’. ஆல்கஹால், அல்ஜீப்ரா என்ற சொற்களில் அரபிச் ‘அல்’ ஒட்டிக்கொண்டது போலவே. அது பிரெஞ்சுக்குப் போய் ‘ஓபெர்ஜீன்’ ஆகி, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்திலும் நுழைந்தது. இன்றைக்கும் இங்கிலாந்தில் கத்தரிக்காய் ஓபெர்ஜீன்தான்.

ஸ்பானியர் ‘அல்’ இல்லாமல் எடுத்தார்கள்: ‘பெரென்ஹேனா’. போர்த்துகீசியர் கடைசி னகரத்தை லகரமாக்கி ‘பெரின்ஜெலா’ என்றார்கள்.

கிழக்குப் பக்கமாக இன்னொரு கிளை போனது. துருக்கியில் ‘பட்லிஜான்’. அங்கிருந்து ஹங்கேரியில் ‘பட்லிழான்’, ரஷ்யாவில் ‘பக்லழான்’. ஜார்ஜிய மொழியில் ‘பத்ரிஜானி’. பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் எதற்கும் எதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். ஒவ்வொரு படியாக இறங்கினால் ஒரே சொல்.

இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் புழங்கிய சொற்களை யூலும் பர்னலும் சேர்ந்து தொகுத்து, 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் இதைக் கவனித்திருக்கிறது. பொருள் மாறாமல் இத்தனை வினோத உருவங்கள் எடுத்த சொல் வேறு இருக்காது என்ற கருத்தை அதில் பதிந்திருக்கிறார்கள். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். வழுதுணங்காய் அவர் தட்டிலும் விழுந்திருக்கும்.

‘பிரிஞ்சால்’ ஆங்கிலச் சொல்லா, இந்தியச் சொல்லா?

இரண்டும்தான், நடுவில் போர்த்துகீசியம். மேலே சொன்ன பெரின்ஜெலாவைப் போர்த்துகீசியர் கப்பலில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவர்கள் இந்தியக் கரையைத் தொட்டது 1498இல். பின்னால் வந்த ஆங்கிலேயர் இங்கே அவர்கள் வாயிலிருந்து கேட்டுப் ‘பிரிஞ்சால்’ ஆக்கிக்கொண்டார்கள். ஆக, இந்தியாவிலிருந்து புறப்பட்ட சொல் பாரசீகம், அரேபியா, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று சுற்றி வேறு உருவத்தில் வீடு திரும்பியிருக்கிறது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

இங்கிலாந்தில் பிரிஞ்சால் என்றால் பலருக்குப் புரியாது. இந்தியாவுக்கு வெளியே தென்னாப்பிரிக்காவிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் புரியும். மேற்கிந்தியத் தீவுகளில் இந்தப் பெயர் ‘பிரவுன் ஜாலி’ என்றே ஆகியிருக்கிறது. பழுப்பும் இல்லை, ஜாலியும் இல்லை. தெரியாத ஒலியைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் எல்லா நாக்குக்கும் உண்டு.

இத்தாலியில் இதற்குப் ‘பைத்தியக்காரப் பழம்’ என்று பெயராமே?

இத்தாலிய மொழியில் ‘மெலன்ஸானா’. இதுவும் அரபிப் பெயரின் வாரிசுதான், கிரேக்கத்தின் ‘மெலிட்ஸானா’ போல முதல் எழுத்து மகரமாகிவிட்டது. அதைக் கேட்ட இத்தாலியர்கள் ‘மேலா இன்சானா’ என்று பிரித்தார்கள். மேலா என்றால் ஆப்பிள், இன்சானா என்றால் பித்துப் பிடித்த. ஆக, தின்றால் பைத்தியம் பிடிக்கும் பழம்!

பெயரால் வந்த பயமா, பயத்தால் வந்த பெயரா என்று கேட்டால், இரண்டும் ஒன்றை ஒன்று வளர்த்திருக்கும். கத்தரிக் குடும்பத்தில் ஊமத்தை, புகையிலை போன்ற ஆபத்தான செடிகள் இருப்பதால் சந்தேகத்துக்கு இடமும் இருந்தது. 1597இல் ஆங்கிலேயரான ஜான் ஜெரார்டு தன் மூலிகை நூலில் இதைப் பித்து ஆப்பிள் என்ற பெயரிலேயே சேர்த்து, சாப்பிடாமல் விட்டுவிடுவது நல்லது என்று அறிவுரையும் சொல்லியிருக்கிறார்.

‘எக் பிளான்ட்’ என்ற பெயர் எதற்கு? முட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பெயருக்கு மட்டும் நேரான காரணம் உண்டு. வெள்ளையாக, சின்னதாக, அப்படியே கோழிமுட்டை மாதிரி காய்க்கும் ரகங்கள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அந்த ரகத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. அப்புறம் ஊதாக் காய்க்கும் பரவி, அமெரிக்காவில் அதுவே நிலைத்துவிட்டது. காரணப்பெயர்தான், காரணம் மட்டும் சந்தையிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது.

அறிவியல் பெயர்?

சொலானம் மெலோஞ்சினா. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. இந்த ‘மெலோஞ்சினா’வுக்கும் மெலான் பழத்துக்கும் உறவு இல்லை. அரபிப் பெயர் லத்தீனுக்குள் வந்து எடுத்த உருவம்தான் இது.

இன்னொரு சுவையான செய்தி: பயிரிடும் கத்தரிக்கு மூதாதையாகக் கருதப்படும் காட்டுச் செடியின் அறிவியல் பெயர் சொலானம் இன்சானம். பழைய பித்துப்பழக் கதை லத்தீன் உடை போட்டுக்கொண்டு தாவரவியல் பட்டியலில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது.

மிளகாய், தக்காளி போலக் கத்தரியையும் போர்த்துகீசியர்தான் கொண்டுவந்தார்களா?

இல்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் இதே குடும்பம்தான், ஆனால் அவை அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கத்தரி ஆசியாவிலேயே பிறந்து வளர்ந்தது. போர்த்துகீசியர் கொண்டுவந்தது பெயரை மட்டும். ‘பிரிஞ்சால்’ அவர்கள் சொல் என்பதால் காயும் அவர்களுடையது என்று நினைப்பதில்தான் இந்தக் குழப்பம்.

இந்தக் குடும்பத்தில் சேராத பெயர்களும் உண்டா?

உண்டு. சீனத்தில் ‘சியே’, ஜப்பானில் ‘நாசு’. சீனர்களுக்குக் கத்தரி மிகப் பழைய பயிர். 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘சீமின் யாவ்ஷு’ என்ற வேளாண் நூலிலேயே வளர்க்கும் முறை இருக்கிறது. அவர்கள் மேற்கிலிருந்து பெயர் கடன் வாங்க வேண்டிய தேவையே வரவில்லை.

கத்தரியின் பெயரை வேறு காய்க்கு வைத்தது உண்டா?

தக்காளிக்கு வைத்தார்கள். சீனத்தில் தக்காளி ‘ஃபான்-சியே’, அதாவது அயல்நாட்டுக் கத்தரி. வங்காளத்தில் ‘பிலாதி பேகுன்’, ஒடியாவில் ‘பிலாதி பாயிகண’, இரண்டும் சீமைக் கத்தரி. ஒன்றுக்கொன்று சொல்லிவைத்துக்கொள்ளாமல் புதுக் காயைப் பார்த்ததும் பழைய காயின் சொந்தம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், குடும்பம் ஒன்று என்று தாவரவியல் சொன்னதும் அதையேதான்.

நாமும் சும்மா இருக்கவில்லை. கத்தரியைத் தொடாமல், அதே குடும்பத்தின் இன்னொரு பழைய செடியிடம் பெயரை எடுத்துக் கொடுத்தோம். மணத்தக்காளியில் இருக்கும் ‘தக்காளி’ சீமையிலிருந்து வந்த சிவப்புப் பழத்துக்கு முன்பே நம்மிடம் இருந்தது.